தீட்டாமலே கூராக இருந்த கத்தி

அந்தச் செதிலை முதலில் பார்த்தது நான்தான்.

கதவுத் திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு, என்னைப் பெண் பார்க்க வந்தவரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று. கையில் எங்கள் அப்பாவின் ஜெர்மன் மடக்குக் கத்தி இருந்தது. அலகை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். அலகும் கைப்பிடியும் சேர்கிற இடுக்கில் ஏதோ மினுங்கியது.

விளைமீன் செதில். அன்று மத்தியானம் நாங்கள் குழம்பு வைத்துச் சாப்பிட்ட விளைமீனுடையது.

கூடத்தில் அப்பா, அப்பாவின் இரண்டு நண்பர்கள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. திரைக்குப் பின்னால் எனக்குப் பக்கத்தில் காப்பித் தட்டோடு என் அம்மா. சற்றுமுன்தான் அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார், அந்தக் கத்தி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூடத் தொட்டதில்லை என்று.

மாப்பிள்ளை குனிந்து இடுக்கைப் பார்த்தார். பிறகு கத்தியை மூக்கருகே கொண்டுபோனார்.

"போச்சு" என்றாள் அம்மா, சத்தம் வராமல். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அவரை மூக்கும் கத்தியுமாகக் கொஞ்ச நேரம் அப்படியே உட்காரவைத்துவிடுகிறேன். போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்ததைப் பற்றி எழுதியதற்கு, 'கல்யாணக் கதை எப்போது வரும்?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் கத்திக் கதையைச் சொல்லாமல் கல்யாணக் கதைக்குப் போக முடியாது.

பிஸ்கட் டப்பா

அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் ஹெட் கிளார்க். பெயர் செல்லத்துரை. புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் போய்வரும். அப்பா காகிதக் கட்டோடு லாஞ்சில் போய்வருவார்.

போகும்போது காகிதக் கட்டோடு ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூனும் போகும். திரும்பும்போது மக்ரூன் இருக்காது. சட்டைப் பையில் வேறு ஏதாவது இருக்கும்.

கூட வேலை பார்த்தவர்கள் சோப்பு, சென்ட், நைலக்ஸ் சேலை என்று கொண்டுவந்தார்கள். ஊரில் பாதி வீடுகளில் ஃபாரின் சோப்பு யார் உடம்பிலும் படாமல் பீரோவுக்குள் துணிகளை மணக்கவைத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்குச் சோப்பில் ஈடுபாடு இல்லை. அவருக்குக் கத்தி.

கத்திகள் எல்லாம் ஒரு தகர பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிளானல் துணி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு வாஸ்லின். எங்கள் உதடு வெடித்தால் தேங்காய் எண்ணெய்தான். வாஸ்லின் கத்திகளுக்கு மட்டும்.

தோல் உறை போட்ட ஒரு நார்வே வேட்டைக் கத்தி. சிவப்புப் பிடிக்குள் கத்தரிக்கோல், அரம், ரம்பம், பல்குத்தி என்று ஒரு கூட்டுக் குடும்பமே மடங்கிக் கிடந்த ஒரு கத்தி. முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஒரு இங்கிலீஷ் பேனாக்கத்தி. இந்தக் கூட்டத்துக்கு ராஜா, மான்கொம்புப் பிடியும் ஒரே ஒரு அலகும் உள்ள ஜெர்மன் மடக்குக் கத்தி. அதை ஒரு கப்பல் ஆபீசர் தனக்கு அன்பளிப்பாகத் தந்தார் என்பார் அப்பா. கொடுத்தவர் கப்பலின் சமையல்காரர் என்று லாஞ்ச் ஓட்டுகிறவர் அம்மாவிடம் எப்போதோ சொல்லிவிட்டார்.

அடுப்படியில் இருந்தது ஒரு அருவாமனை. உட்கார்ந்தால் ஆடும். கூடவே பிடியில் துணி சுற்றிய ஒரு பழைய கத்தி. தக்காளியை வெட்டச் சொன்னால் அது நசுக்கிக் கொடுக்கும்.

"ஏங்க, அந்த டப்பால இருந்து ஒண்ணு தாங்களேன். மீன் குடல் எடுக்க முடியல" என்று அம்மா கேட்ட நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எதையும் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியாதவள்.

அப்பா வேதனையோடு அவளைப் பார்த்தார். "எஸ்தரு, இது கத்தி. நீ கேக்கது சாமான்" என்றார்.

கமிட்டி

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், எங்கள் பேச்சில் கோயிலில், ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில் இரண்டாவது ஆராதனை தொடங்கும். அப்பாவின் நண்பர்கள் இருவர் வருவார்கள். அம்மா அவர்களுக்கு வைத்த பெயர் கமிட்டி.

ஒருவர் ஜெபமணி சார். நாசரேத்துக்காரர், இங்கே சரித்திர வாத்தியார். பாடம்தான் சரித்திரமே தவிர, உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் வைத்திருப்பார். இன்னொருவர் மச்சாது அண்ணாச்சி. அவருடைய தாத்தா காலத்தில் குடும்பமே முத்துக்குளிப்பில் இருந்தது. முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகியும் அண்ணாச்சி அதிலிருந்து கரையேறவில்லை. சிப்பிப் பிடி போட்ட கத்தியை எடுக்கும்போதெல்லாம், "இது எங்க தாத்தா தோணியில எடுத்த சிப்பி. இங்கிலீசுக்காரன் பிடி போட்டு நம்ம ஊருக்கே அனுப்பிருக்கான்" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பாத்தாலே தெரியுதுல்லா" என்பார்.

கத்தி பார்ப்பதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கத்தியைத் திறக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக் கனம் பார்க்க வேண்டும். பிறகு நகத்தால் அலகைத் திறக்கும்போது ஸ்பிரிங் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். உடனே இணங்கிவிடுகிற கத்தியும் திறக்கவே வராத கத்தியும் உதவாது. திறந்தபின் அலகைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் ஆடக் கூடாது. அடிப்பாகத்தில் ஊர்ப்பெயர் அச்சாக இல்லாமல் ஆழமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். மூடும்போது 'டக்' என்று ஒரே சத்தம் கேட்க வேண்டும். 'டக்' சரியில்லையென்றால் மறுபடி திறந்து மூடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பல்லிகூடக் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்.

ஒரு சட்டம் எல்லாவற்றுக்கும் மேலே. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. மேஜையில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நாள் நட்சத்திரம் பார்க்காத, ராகு காலத்தை மதிக்காத மிஷன் குடும்பம் எங்களுடையது. ஆனால் கத்தி விஷயத்தில் அப்பா வேதத்தையும் ஊரையும் ஒருசேரத் திருப்திப்படுத்திக்கொண்டார். "மூடநம்பிக்கை இல்ல, மரியாதை" என்பார்.

கடைசியாகக் கூர் பார்ப்பது. இதற்குத்தான் ஜெபமணி சாரின் இடது கை. அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை மேஜையில் நீட்டுவார். அப்பா ஒவ்வொரு கத்தியாக எடுத்து ரோமத்தை வழித்துப் பார்ப்பார்.

இப்படி வழித்தும், காகிதத்தைக் கீறிப் பார்த்துமே எல்லாக் கத்திகளும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிப்போயின. ஜெர்மன் கத்தி மட்டும் மழுங்கவில்லை. வருஷக்கணக்காகச் சாணையையே பார்க்காத அந்தக் கத்தி, ஒவ்வொரு ஞாயிறும் ஒரே இழுப்பில் சுத்தமாக வழித்தது. சாரின் வலது கை கரடிக்கும் இடது கை கைக்குழந்தைக்கும் சொந்தம் என்று சொல்லலாம்.

"என்ன இரும்புங்க இது" என்று மச்சாது அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொள்வார்.

"கார்பன் அளவு" என்பார் ஜெபமணி சார்.

திரைக்குப் பின்னால் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அம்மாவின் ஜாடி

காரணம் சின்னது. சனிக்கிழமை எங்கள் வீட்டில் மீன். அப்பா ஆபீஸ் போனதும் அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள். ஜெர்மன் கத்தியை எடுத்து, வாஸ்லினைத் துடைத்து, மீனை அறுப்பாள். அந்த மெல்லிய அலகு விளைமீனின் வயிற்றில் இறங்குவதைப் பார்க்கவே சுகமாக இருக்கும். முடிந்ததும் புளியும் சாம்பலும் போட்டுக் கழுவுவாள், எலுமிச்சைத் தோலால் தேய்ப்பாள். பிறகு ஊறுகாய் ஜாடியைக் கவிழ்ப்பாள். பீங்கான் ஜாடியின் அடியில் பளபளப்பு ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்குமே, அதில் அலகை முன்னும் பின்னும் இழுப்பாள். வாஸ்லினைப் பூசி, ஃபிளானலில் சுற்றி, டப்பாவில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை ஜெபமணி சாரின் கையை வழித்தது ஜெர்மனிக்காரன் வைத்த கூர் அல்ல. சனிக்கிழமை எங்கள் அம்மா வைத்த கூர்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கொடுத்தது சமையல்காரன். அப்ப அது அடுப்படிக்கு வந்ததுல என்னளா தப்பு?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனாலும் தெரியவேண்டாம். மனுசன் உடைஞ்சிருவாரு" என்றாள்.

அது உண்மை. ஆபீஸில் அப்பாவுக்கு மேலே இருந்தவர்கள் அவரை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அந்தக் கத்திதான் அவருக்கு வாய்த்த ஒரே பெருமை. எனக்கு அவர்மேல் கோபம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டு பாதிக் கோபத்தை விட்டுவிடுவேன்.

கயத்தாறு முயல்

வேட்டைக் கத்தி இருந்தால் வேட்டைக்குப் போக வேண்டும் அல்லவா. ஒரு லீவு நாளில் கமிட்டி கயத்தாறு பக்கம் முயல் வேட்டைக்குக் கிளம்பியது. வேட்டைக் கத்தியை அப்பா பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் பையில் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு கத்தி. துப்பாக்கி கிடையாது, வலை கிடையாது, நாய் கிடையாது. முயல் நேரில் வந்து கழுத்தைக் கொடுக்கும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ.

கரிசல் காட்டில் மத்தியானம்வரை நடந்ததாகக் கேள்வி. முயல் ஒன்று வந்ததாம். நின்று மூவரையும் பார்த்ததாம். ஜெபமணி சார் அது ஏன் நிற்கிறது என்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது போய்விட்டதாம்.

பசியெடுத்ததும் ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்திருக்கிறார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயம் வேண்டும். மேஜையில் மூன்று தேசத்துக் கத்திகள். ஒருவருக்கும் தன்னிடமிருந்த கத்தியால் வெங்காயத்தை வெட்ட மனம் வரவில்லை. கடைசியில் டீக்கடைக்காரரிடம் ஒரு பழைய சவர பிளேடு கேட்டு வாங்கி, அதைக்கொண்டு வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள். மச்சாது அண்ணாச்சிதான் இதை அம்மாவிடம் சொன்னார், அதுவும் பெருமையாக.

மாப்பிள்ளைக்கு ஒரு பரீட்சை

நாட்டுப்புறத்தில் இளவட்டக் கல்லைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்த கதைகளைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு வயது ஏறிக்கொண்டே போனபோது, அப்பா கமிட்டியைக் கூட்டி ஒரு முடிவெடுத்தார். பெண் பார்க்க வருகிறவர் முன் எல்லாக் கத்திகளும் வைக்கப்படும். சிறந்ததை அவர் எடுக்க வேண்டும். "கத்தி பாக்கத் தெரிஞ்சவனுக்கு மனுசனப் பாக்கத் தெரியும். சரியா எடுக்கவனுக்குப் பொண்ணும் உண்டு, அந்தக் கத்தியும் உண்டு" என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. வாத்தியார் படிப்பான பி.டி. முடித்து, பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருந்த நான், ஒரு மடக்குக் கத்திக்கு இலவச இணைப்பாக நின்றேன்.

முதலில் வந்தவர் மெட்ராஸில் வேலை பார்த்தவர். அப்பா வேண்டுமென்றே கத்தியைக் கையில் நீட்டினார். அவர் "தேங்க்ஸ்" என்று கையிலேயே வாங்கிக்கொண்டார். அங்கேயே அவர் கதை முடிந்தது.

அடுத்தவர் சாத்தான்குளத்துக்காரர், பேங்க் வேலை. கூட்டுக் குடும்பக் கத்தியை எடுத்து ஒவ்வொரு அங்கமாக விரித்து மகிழ்ந்தார். அதில் பாட்டில் கார்க் எடுக்கும் திருகாணியும் இருந்தது. அவர் போனபிறகு அப்பா, "அந்தத் திருகாணியத் தடவுன விதத்தப் பாத்தியளா? குடிப்பான்" என்றார். கமிட்டி ஆமோதித்தது.

மூன்றாமவர் சரியான கத்தியைத்தான் எடுத்தார். ஆனால் கூர் பார்க்கக் கட்டைவிரலை அலகின் நீளத்துக்கே ஓட்டிவிட்டார். அம்மா ஓடிவந்து காப்பித்தூளை வைத்து அமுக்கினாள். மேஜை விரிப்பில் ரத்தம். வீட்டுக்குப் போனதும் அவர்கள், பெண் வீட்டில் கத்திக்குத்து என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு மாப்பிள்ளையும் வரவில்லை.

நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் சாயந்திரம் பள்ளிக்கூடத்திலிருந்து தனியாக நடந்து வரும்போது சிரிப்பு வராது. இந்த டப்பாவில் என் வாழ்க்கையும் வாஸ்லின் பூசி மடித்து வைக்கப்பட்டுவிட்டதோ என்று பயமாக இருந்தது.

மாட்டு டாக்டர்

நான்காவதாக வந்தவர் ஞானதுரை. ஏரலில் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர். "மாட்டு டாக்டரா?" என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு ரொம்பத் தாமதமாக, அம்மாவோடு வந்தார். வந்ததும் அப்பாவிடம், "மன்னிச்சிருங்க. கெளம்புத நேரத்துல ஒரு எருமைக்குக் கன்னு மாறிக் கெடந்துச்சு. விட்டுட்டு வர முடியல" என்றார்.

"எரும எப்படி இருக்கு?" என்று மச்சாது அண்ணாச்சி மரியாதைக்குக் கேட்டார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. எனக்குத்தான் ஒரு மிதி."

திரைக்குப் பின்னால் நான் சிரித்துவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார். அவ்வளவுதான். இவர் இந்தக் கத்திப் பரீட்சையில் தோற்கக் கூடாதே என்று அப்போதே ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்பா டப்பாவைத் திறந்து வழக்கமான பிரசங்கத்தைச் செய்தார். கத்தியைக் கையில் நீட்டினார். ஞானதுரை வாங்கவில்லை. "வையுங்க மாமா, எடுத்துக்கிடுதேன்" என்றார். கமிட்டி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

வேட்டைக் கத்தியை எடுத்தார், வைத்தார். கூட்டுக் குடும்பத்தைத் திறக்கக்கூட இல்லை. ஜெர்மன் கத்தியை எடுத்ததும் அவர் கை நின்றது. அலகைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக வைத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். செதிலைப் பார்த்தார். மோந்தார்.

நாம் அவரை விட்டுவந்த இடம் இதுதான்.

"என்ன மோந்து பாக்கிய?" என்றார் அப்பா. குரலில் ஒரு கடுமை ஏறியிருந்தது.

அவர் வாயைத் திறந்து 'மீன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவின் சனிக்கிழமைகள் வெளியே வரும். நண்பர்கள் முன்னால், அந்நியர் முன்னால், அப்பாவின் ஒரே பெருமை குழம்புச் சட்டிக்குள் விழும். அதற்குப் பிறகு அந்த மனிதர் இந்த வீட்டு வாசலை மிதிக்க அப்பா விடமாட்டார். பொய்யாக வேறு கத்தியை எடுத்தாலும் தோல்விதான். நான் திரையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஞானதுரை தலையை உயர்த்தினார். அவர் பார்வை அப்பாவைத் தாண்டி, திரையின் கீழே தெரிந்த அம்மாவின் காலடிக்குப் போனது. தட்டில் டம்ளர்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"வாஸ்லின் மணம் மாமா. நல்லா வச்சிருக்கிய" என்றார். சொல்லிக்கொண்டே சுண்டுவிரல் நகத்தால் இடுக்கை ஒருமுறை துடைத்தார். "இதான் கத்தி. தீட்டுன கை லேசுப்பட்ட கையில்ல."

"ஜெர்மன்காரன்லா" என்றார் அப்பா, முகம் மலர்ந்து.

"ஆமா மாமா" என்றார் மாட்டு டாக்டர், திரையைப் பார்த்தபடி.

ஜெபமணி சார் தாமாகவே சட்டைக் கையைச் சுருட்டினார்.

எல்லோரும் போனபிறகு அம்மா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அவர் காப்பி குடித்த டவராவைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் அந்தச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏளா பியூலா, உனக்குப் பிடிச்சிருந்தாலும் சரி, பிடிக்கலைன்னாலும் சரி, இவுகதான் என் மருமகன்" என்றாள்.

பிடித்திருக்கிறது என்று நான் சொல்வதற்குள் அவள் டவராவைக் கழுவிவிட்டாள்.

அம்மா அழுத அழுகை

கல்யாணத்தன்று அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஜெர்மன் கத்தியை ஒரு வெல்வெட் துணியில் சுற்றி, எல்லோர் முன்னிலையிலும் மேஜையில் வைத்தார். என் கணவர் எடுத்துக்கொண்டார். கோயிலில் மோதிரம் மாற்றியபோது இருந்ததைவிடக் கூட்டம் அப்போது அமைதியாக இருந்தது.

நானும் அம்மாவும் வரப்போகும் கஷ்டத்தை அதுவரை யோசிக்கவே இல்லை. கத்தி ஏரலுக்குப் போகிறது. அம்மாவுக்கு இனி ஆடுகிற அருவாமனையும் தக்காளியை நசுக்குகிற கத்தியும்தான்.

கார் கிளம்பும்போது அம்மா அழுதாள். எல்லாத் தாயும் அழுவதுதான் என்று ஊரார் நினைத்தார்கள். அவள் கண் என் முகத்துக்கும் மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குமாகப் போய்வந்ததை நான் மட்டும் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியில் கமிட்டி ஜெர்மன் கத்தியில்லாமல் கூடியது. மிச்சமிருந்தவற்றில் ஒன்றும் வழிக்கவில்லை. ஜெபமணி சாரின் இடது கையில் ரோமம் முளைக்கத் தொடங்கிவிட்டதாக அப்பா எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு என் கணவர் கத்தியை எடுத்து ஒருமுறை திறந்து மூடினார்.

மறுநாள் காலை, புறவாசலில் கரகரவென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லின் முன் குந்தியிருந்தார். கையில் ஜெர்மன் கத்தி. அலகின் கூரை நேராகக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதிய? தீட்டுதது இப்படியா?"

"தீட்டல பியூலா. மழுக்குதேன்."

எனக்குப் புரியவில்லை.

"கார்ல ஏறும்போது அத்தை இந்தக் கத்தியப் பாத்தாக பாரு, ஒன்னக்கூட அப்படிப் பாக்கல. நானாத் திருப்பிக் கொடுத்தா மாமாவுக்கு அவமானம். அவுகளே திருப்பிக் கேக்கணும்லா" என்றார். பிறகு விரலால் கூரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கு. அத்தை கை லேசுப்பட்ட கையில்ல" என்று மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

நான் அப்படியே புறவாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். கோயிலில் பாதிரி ஐயர் கேட்டபோது எல்லோரும் சொல்வதுபோல நானும் 'சம்மதம்' என்று சொல்லியிருந்தேன். மனசார அதைச் சொன்னது அந்தத் துவைகல்லின் பக்கத்தில்தான்.

வீட்டு ராசி

அடுத்த ஞாயிறு தூத்துக்குடி போனோம். கமிட்டி காத்திருந்தது. என் கணவர் கத்தியை மேஜையில் வைத்தார். ஜெபமணி சார் கையை நீட்டினார். அப்பா இழுத்தார். கத்தி ரோமத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போனது, ஒன்றுகூட அறுபடவில்லை. மறுபடி இழுத்தார். சார் "ஸ்" என்றார்.

அப்பா அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தகப்பன் தன் மகளை அடித்த மருமகனைப் பார்ப்பதுபோல என் கணவரைப் பார்த்தார்.

"என்ன மாப்ள செஞ்சிய இத?"

"தெரியல மாமா. சும்மாதான் வச்சிருந்தேன்."

"நான் இத்தன வருசம் வச்சிருந்தேன். ஒரு குறை உண்டா?" அப்பா கத்தியை மூடினார். 'டக்'கில்கூட வருத்தம் கேட்டது. "தப்பா நெனைக்காதிய. கத்தி இங்கனயே இருக்கட்டும்."

"சரி மாமா" என்றார் என் கணவர், தலையைக் குனிந்துகொண்டு. அவர் அவ்வளவு நன்றாக நடிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த முறை நாங்கள் போனபோது ஜெபமணி சாரின் இடது கை மறுபடி கைக்குழந்தையின் கையாகியிருந்தது. கத்தி தானாகவே தேறிவிட்டது என்று அப்பா சொன்னார். பிஸ்கட் டப்பாவில் ஓய்வாக இருந்ததில் பழைய கூர் வந்துவிட்டதாம். நல்ல இரும்புக்கு வீட்டு ராசி உண்டாம்.

"ராசின்னு சொல்லக் கூடாது. கடல் காத்துல உப்பு இருக்குல்லா, அது இரும்ப மெல்லமாத் தீட்டும். ஏரல்ல ஆத்துக் காத்து. அதான் மழுங்கிட்டு" என்றார் ஜெபமணி சார். ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் வரை அத்தனை இரும்பும் துருப்பிடித்து உதிர்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். மச்சாது அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார்.

என் கணவரை அவர்கள் அதற்குப் பிறகு டப்பாவின் பக்கமே விடவில்லை. "தங்கமான மாப்பிள்ளை. கத்தி மட்டும் கையில குடுத்திராதிய" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவரும் ஆமாம் என்று தலையாட்டிவைப்பார். கடைசிவரை அப்படித்தான்.

கத்தி தேறியிருந்த அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். சனிக்கிழமை வைத்த விளைமீன் குழம்பு. எங்கள் வீட்டில் மீன் தலை அப்பாவுக்கு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது வேறு தட்டில் விழுந்ததில்லை. அம்மா சட்டியோடு வந்தாள். அப்பா தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டு, கத்தியை வைத்துக்கொள்வது எப்படி என்று மருமகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா அவரைத் தாண்டிப் போனாள். முழுத் தலையையும் கரண்டியில் ஏந்தி என் கணவரின் தட்டில் வைத்தாள்.

அப்பா பேச்சை நிறுத்தினார். "எஸ்தரு, தலை எனக்குல்லா?"

"கத்தியத்தான் திருப்பி வாங்கிட்டியளே" என்றாள் அம்மா. "தலையாவது அவுக சாப்பிடட்டும்."

அப்பாவுக்கு வால் துண்டு விழுந்தது. முள்ளை எடுத்துக்கொண்டே, மீன் இவ்வளவு அழகாக அறுபட்டிருக்கிறதே, புது அருவாமனை வாங்கினாயா என்று அம்மாவிடம் கேட்டார்.